விபரப் பிழையும் அறப் பிழையும்

ஒரு பொருளைப் பற்றிப் பிழையாக எழுதி வைத்துவிட்டால் அப்பிழை யாருடையது? எழுதியவருடையதா? எழுதியதை நம்பி நடந்தவருடையதா? பிழை என்று கண்ட பின்னும் பேசாதிருந்தவருடையதா? பொய் சொல்லுதலின் கேட்டைப் பற்றி எமது நீதிநூல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. ஆனால், பொய் சொல்லும் எண்ணம் எள்ளளவும் இன்றி, அவசரத்திலோ அறியாமையிலோ எழுதப்பட்டு, பின்னர் ஆயிரமாயிரம் பிரதிகளாகப் பெருகி, எவர் கண்ணிலும் படாமல் கிடந்து, காரியங்களை மட்டும் நடத்திக்கொண்டிருக்கும் பிழையான விபரத்தைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை. அந்நூல்கள் எழுந்த காலத்தில் அத்தகைய விபரங்கள் மிகச் சில. இன்றோ நாம் அவற்றின் நடுவிலே வாழ்கின்றோம்.

இக்கேள்வியை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகருக்குச் சற்று விநோதமாகத் தோன்றலாம். கணினிகளுக்குள்ளே பதிக்கப்பட்டிருக்கும் சிறு சிறு வெப்பமானிகளைப் பற்றியும், அவற்றைக் குறித்து மென்பொருளில் எழுதப்பட்ட விபரங்களைத் திருத்துவோரைப் பற்றியும் பேசப்போகின்றோம். தேயிலை மலைகளுக்கு நடுவே, நானுஓயாவில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்போருக்குப் பதில் கட்டுரையிலேயே வரும்.

கணினி வேலை செய்யும்போது சூடேறும். சூடு அளவை மீறினால் அதன் உறுப்புகள் கெடும். ஆகையால் அதன் உள்ளே ஆங்காங்கே வெப்பநிலை உணரிகளைப் பொருத்தியிருப்பார்கள். உணரி ஓர் எண்ணைத் தரும்; அந்த எண்ணைப் படித்துப் பொருள்கொண்டு, விசிறியை வேகமாகச் சுழற்றுவதா, வேலையை மெதுவாக்குவதா, யந்திரத்தையே நிறுத்திவிடுவதா என்று தீர்மானிப்பது இயக்கு முறைமை. அந்த இயக்கு முறைமையின் உட்கருவைத்தான் கேர்னல் என்பர். பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கேர்னல், எவரும் படிக்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம், எவரும் பிரதி செய்து வழங்கலாம் என்ற பொது உடைமை நியதியின்மீது வளர்ந்தது. உலகின் பெருங் கணினிகளில் ஓடுவதும் அதுதான்; நானுஓயாச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இளைஞன் கையில் உள்ள அண்ட்ரோய்ட் தொலைபேசியில் ஓடுவதும் அதுதான்.

இனி, உணரி ஒன்றைப் பார்ப்போம். எல்எம்75 என்பது அதன் பெயர். அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் கம்பனி செய்தது. 2011 இல் அக்கம்பனியை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிக்கொண்டது. அரைப் பாகைக்கு அரைப் பாகையாக வெப்பநிலையைச் சொல்லும் மலிவான சிப் அது. அதன் அமைப்பைப் பின்பற்றி வேறு பல கம்பனிகளும் உணரிகளைச் செய்தன. சில பாகையின் பதினாறில் ஒரு பங்கு வரை நுட்பமாகச் சொல்லும். இவையெல்லாம் இரண்டே கம்பிகளின் வழியாகக் கணினியோடு பேசுகின்றன. ஒரே கம்பியில் பல உணரிகள் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. எல்எம்75 க்கு எட்டு முகவரிகளில் ஏதேனும் ஒன்று அமையும்.

இங்கேதான் எமது விஷயம் தொடங்குகின்றது. முதலில் வந்த எல்எம்75 க்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. "நீ யார்?" என்று கேட்டால் விடை தரும் உறுப்பு அதற்குள்ளே வைக்கப்படவில்லை. எண்ணைக் கேட்டால் எண்ணைத் தரும்; அவ்வளவே. அது இன்ன கம்பியில், இன்ன முகவரியில், இன்ன கம்பனி செய்த இன்ன வகை உணரியாக இருக்கின்றது என்பதை வேறு யாராவது எழுதி வைத்தாக வேண்டும். தன்னைப் பற்றித் தானே பேச முடியாத ஒன்றைப் பற்றி மற்றவர் எழுதும் விபரமே அதன் அடையாளமாகிவிடுகின்றது.

அப்படி எழுதி வைக்காமல் ஊகித்துக்கொள்ளலாமே என்று சிலர் முயன்றும் பார்த்தார்கள். ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து, வரும் விடையை வைத்து, இங்கே இருப்பது இன்ன உணரி போலும் என்று அனுமானிக்கும் நிரல் ஒன்றை உருவாக்கினார்கள். 2000 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஐபிஎம் கம்பனியின் திங்க்பாட் மடிக்கணினிகள் சிலவற்றில் இந்த நிரலை ஓட்டியபோது, தட்டப்பட்ட கதவுக்குப் பின்னால் இருந்தது வெப்பமானி அன்று. கணினி தொடங்குவதற்கு இன்றியமையாத குறிப்புகளைத் தாங்கிய ஒரு நினைவகச் சிப். அது அந்தத் தட்டலை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. உள்ளிருந்த குறிப்புகள் கெட்டன. கணினி மீண்டும் எழும்பவில்லை. யாரும் தீமை நினைக்கவில்லை. வெப்பநிலையை அறியலாம் என்றுதான் தட்டினார்கள்.

ஆகவே எழுத்திலுள்ள விபரம் வேண்டியதாயிற்று. தொலைபேசிகளிலும் சிறு கணினிகளிலும் உள்ள ஆர்ம் வகைச் சிப்புகளுக்கு, ஆரம்பத்தில் இவ்விபரங்களைக் கேர்னலின் கட்டளைகளுக்குள்ளேயே கலந்து எழுதி வந்தனர். புதிதாக ஒரு பலகை வெளிவரும் தோறும் புதிதாகக் கட்டளைகள். 2011 இல் தோர்வால்ட்ஸ் இந்தக் குழப்பத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அதன் பின்னர் விபரத்தைக் கட்டளையிலிருந்து பிரித்து, சாதன மரம் என்னும் தனி ஏட்டில் எழுதும் வழக்கம் ஆர்ம் உலகில் பரவியது. யந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பது ஓரிடத்தில். யந்திரத்தில் என்ன இருக்கின்றது என்பது மற்றோரிடத்தில். தொழில்நுட்ப வசதிக்காகச் செய்த இம்மாற்றத்துக்கு நாம் மதிக்கத்தக்க வேறொரு பயனும் உண்டு. கட்டளை எழுதும் வல்லமை இல்லாத ஒருவரும், தம் கையிலுள்ள பலகையைக் கண்ணால் பார்த்து, உற்பத்தியாளரின் தரவுத்தாளோடு ஒப்பிட்டு, "இங்கே எழுதியிருப்பது பிழை" என்று சொல்லக்கூடிய நிலை உண்டாயிற்று.

பிழைகள் எப்படிப்பட்டவை? மிகச் சாதாரணமானவை. உணரியின் பெயரில் ஓர் இலக்கம் மாறியிருக்கும். கம்பனியின் பெயர் விடுபட்டிருக்கும். முகவரி ஒன்று தவறியிருக்கும். முன்னைய பலகையின் விபரத்தைப் பிரதி செய்தவர், புதிய பலகையில் உணரியை மாற்றியிருக்கின்றார்கள் என்பதைக் கவனித்திருக்க மாட்டார். பிரதி செய்வோரின் இந்தப் பிழை ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்குப் புதிதன்று. பல்கலைக்கழகத்தில் பாடபேதம் பார்த்துக் கண் பூத்த எம்மைப் போன்றவர்களுக்குப் பழைய உறவினரைக் கண்டது போலத் தோன்றும்.

ஆனால் சில பிழைகள் ஆழமானவை. அவற்றில் சற்று நிற்க வேண்டும். உணரி தரும் எண் ஒன்று. அதன் பொருள் மற்றொன்று. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் உணரி தரும் மூல எண்ணை 0.538 ஆல் பெருக்கி, வருவதை ஒரு மாறிலியிலிருந்து கழித்தால் வெப்பநிலை வரும். அந்த மாறிலி முதல் வகையின் சிப்புக்கு 407. மூன்றாம் வகையின் சிப்புக்கு 412. உணரி சொன்ன எண் ஒன்றாகவே இருந்தாலும், சாதன மரத்தில் எழுதிய மாறிலியைப் பொறுத்து ஐந்து பாகை வேறுபடும். இன்டெல் கம்பனியின் சிப்புகளில் உள்ள உணரிகளோ இன்னும் விசித்திரமானவை. "இவ்வளவு சூடாக இருக்கின்றேன்" என்று அவை சொல்வதில்லை. "ஆபத்தான எல்லைக்கு இன்னும் இத்தனை பாகை தூரத்தில் இருக்கின்றேன்" என்றுதான் சொல்கின்றன. எல்லை எது என்று தெரிந்தால்தான் சூடு எவ்வளவு என்று கணிக்கலாம். முற்காலத்துச் சிப்புகள் சில அந்த எல்லையையும் சொல்லவில்லை. கேர்னல் 85 என்றோ 100 என்றோ அனுமானித்துக்கொண்டது. அனுமானம் தவறினால் 15 பாகை பிழை.

இவற்றினும் சுவையானது ஏஎம்டி கம்பனியின் கதை. 2017 இல் வெளிவந்த அதன் ரைசன் வரிசையில் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய சிப்புகள், உண்மையான வெப்பநிலையோடு 20 பாகையைக் கூட்டிச் சொல்லின. பழுதல்ல; வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வரிசையில் உள்ள எல்லாச் சிப்புகளுக்கும் விசிறியை ஒரே விதமாக நடத்துவதற்காக அப்படிச் செய்ததாகக் கம்பனி விளக்கியது. 50 பாகையில் இருக்கும் சிப் "70" என்று சொல்லும். த்ரெட்ரிப்பர் என்னும் பெருஞ் சிப்புகளுக்குக் கூட்டல் 27. இதை அறியாத கேர்னல், சொன்னதை அப்படியே பாகை என்று எடுத்துக் காட்டியது. பின்னர், எந்தச் சிப்புக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற அட்டவணை ஒன்று கேர்னலில் சேர்க்கப்பட்டது. இன்றும் அந்த அட்டவணையை யாரும் திறந்து பார்க்கலாம்: இன்ன சிப், இத்தனை பாகை கழிவு.

கழிவு என்ற சொல் வந்ததும் எமது மலைகளில் வாழ்வோர்க்கு நினைவு வேறு எங்கும் போகாது. கொழுந்து மடுவத்துக்கே போகும். பகல் முழுதும் மலையில் நின்று கொய்த கொழுந்தைப் பெண்கள் சுமந்து வந்து தராசில் போடுகின்றார்கள். தராசு ஓர் எண்ணைச் சொல்கின்றது. செக்ரோலில் விழும் எண் வேறு. கூடைக்கு இவ்வளவு, இலையில் நின்ற ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கப்படுகின்றது. கழிப்பதே அநியாயம் என்று எவரும் சொல்ல முடியாது. கூடைக்குப் பாரம் உண்டு, மழைநீருக்கும் பாரம் உண்டு. பௌதிகவியல் நியாயம் தெளிவானது. ஆனால் எவ்வளவு கழிப்பது? யார் தீர்மானிப்பது? எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? மழை இல்லாத நாளிலும் ஈரக் கழிவு ஏன் நீங்குவதில்லை? நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர்தான் என்னும் முறையில், கழிக்கப்பட்ட இரண்டு கிலோ ஒரு நாள் சம்பளத்தைப் பாதியாக்கிவிடக்கூடும். ஏஎம்டி சிப்பின் 20 பாகைக் கழிவுக்கு உலகம் பார்க்கத்தக்க அட்டவணை உண்டு. கொழுந்துக் கூடையின் கழிவு நெடுங்காலமாக வாய்ச்சொல்லில் நடந்து வந்திருக்கின்றது. வாய்ச்சொல்லில் நடக்கும் கழிவைத் திருத்துவது எப்படி? திருத்துவதற்கு முதலில் எழுத்து வேண்டும்.

இதனால், பிழையான விபரத்தைவிடக் கேடானது ஒன்று உண்டு என்று காண்கின்றோம்: விபரமே இல்லாமை.

எண்ணும் அதன் பொருளும் பிரிந்து நிற்பதற்கு எமது வகுப்பறையிலேயே இன்னோர் உதாரணம் இருக்கின்றது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கின்றது. நானுஓயா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆய்வுகூடத்தில் கொதிநீரில் வெப்பமானியை வைத்துப் பார்க்கும் பிள்ளை 95 என்று காண்கின்றது. ஆனால் குறிப்புப் புத்தகத்தில் 100 என்று எழுதுகின்றது. வெப்பமானி பழுது என்று அது நினைக்கின்றது, அல்லது தன் கண் பழுது என்று நினைக்கின்றது. அச்சிட்ட வரி எந்த இடத்துக்காக எழுதப்பட்டது என்று கேட்பதில்லை. புத்தகம் பிழையன்று. "கடல் மட்டத்தில்" என்ற ஒரு சொற்றொடர் விடுபட்டிருக்கின்றது, அவ்வளவுதான். அந்தச் சொற்றொடர் விடுபட்டதனால் கொழும்பின் உண்மை மலையின் பொய்யாயிற்று. அளவுகோலை வகுத்த செல்சியசே 1742 இல் தண்ணீர் கொதிக்கும் நிலையை 0 என்றும் உறையும் நிலையை 100 என்றும்தான் வைத்தார். அவர் இறந்த பின்னர் மற்றவர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இன்று நாம் வழங்குவது திருத்திய அளவு. பெயர் மட்டும் அவருடையது.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். கெட்ட எண்ணம் இன்றி எழுதிய பிழையான விபரம் பொய்யாகுமா? எண்ணத்தை அளவுகோலாகக் கொண்டால் ஆகாது. ஆனால் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வேறோர் அளவுகோலைக் கையாளுகின்றார். பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது அவர் வகுத்த இலக்கணம். இவ்விலக்கணத்தைச் சிலர் நன்மைக்காகப் பொய் சொல்லலாம் என்பதற்கு ஆதாரமாக மட்டும் காட்டுவர். அதன் மறுபக்கத்தை அவர்கள் நோக்குவதில்லை. தீங்கின்மையே வாய்மையின் உரைகல் என்றால், நல்லெண்ணத்தோடு எழுதியதாயினும் தீங்கு விளைக்கும் விபரம் வாய்மையில் சேராது. அதைக் கண்டவன் திருத்தக் கடமைப்பட்டவனாகின்றான். "நான் எழுதவில்லையே" என்பது அவனுக்கு விடுதலை தராது.

சீன தேசத்துக் கன்பூசியஸ், ஆட்சி தம் கையில் வந்தால் முதலில் செய்வது பெயர்களைத் திருத்துவதே என்று தம் மாணாக்கருக்குச் சொன்னதாக அவரது உரையாடல் தொகுப்பு கூறுகின்றது. பெயர் பிழைத்தால் சொல் பிழைக்கும். சொல் பிழைத்தால் காரியம் பிழைக்கும். இறுதியில் தண்டனையே நெறி தவறி, மக்கள் கைகால் வைக்க இடமறியாது திகைப்பர் என்பது அவர் வாதம். ஆழ்ந்த கருத்துத்தான். ஆயினும் அவர் கற்பனை செய்த திருத்தம் மேலிருந்து வருவது, அரசன் செய்வது. பெயரிடப்பட்டவர்களுக்கு அதில் வாய் இல்லை. இது சிறிய குறையன்று.

ஏனெனில் மேலிருந்து எழுதிய விபரங்கள் என்ன செய்யும் என்பதை இம்மலைகளைப் போல அறிந்த இடம் அதிகம் இல்லை. 1911 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் எம்மவர்கள் "இந்தியத் தமிழர்" என்று தனியாக எழுதப்பட்டனர். அங்கே அது ஒரு நிரலின் தலைப்பு மட்டுமே. சுதந்திரம் வந்த 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரையை நிறுவும் பத்திரங்களைக் கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்த தகப்பனுக்கும் பாட்டனுக்கும் பத்திரம் எங்கே? எல்எம்75 உணரியைப் போல, தன்னைத் தானே நிரூபிக்கும் உறுப்பு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மற்றவர் எழுதி வைத்ததே அவர்களுடைய அடையாளம். நிரலின் தலைப்பு நாடற்ற நிலையாக மாறிற்று. 1964 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. 1974 இல் அந்த மீதியையும் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். கொழுந்தைக்கூட இவ்வளவு முழுமையான எண்களில் நிறுப்பதில்லை.

யந்திரத்தின் விபரத்தையும் மனிதனின் விபரத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். உணரிக்கு வலி இல்லை. அதன் பெயரை மாற்றி எழுதினால் அது அழாது. உண்மை. நாம் ஒப்பிடுவது உணரியையும் மனிதனையும் அன்று, ஏட்டையும் ஏட்டையும். ஓர் ஏட்டில் பிழை கண்டால் திருத்துவதற்கு யாருக்கு வழி உண்டு, மற்றோர் ஏட்டில் யாருக்கு வழி இல்லை என்பதையே கேட்கின்றோம்.

லினக்ஸ் கேர்னலில் ஒரு திருத்தம் எப்படிச் செல்கின்றது என்பதைக் கூறுவோம். திருத்துபவர் மாற்றிய வரியை மட்டும் அனுப்ப முடியாது; ஏன் மாற்றினார் என்று விளக்க வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தில் அப்பிழை நுழைந்தது என்பதை அடையாள எண்ணோடு குறிப்பிட்டு, "இதைத் திருத்துகின்றது" என்று தனி வரி எழுதும் வழக்கமும் உண்டு. பிழையை முதலில் அறிவித்தவர் பெயர், உண்மையான யந்திரத்தில் பரீட்சித்தவர் பெயர், படித்துச் சரிபார்த்தவர் பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் உண்டு. திருத்துபவர் தம் பெயரில் ஒப்பமிட வேண்டும். இது தமது வேலை, இதைக் கொடுக்கத் தமக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அந்த ஒப்பத்தின் பொருள். 2004 இல் ஏற்பட்ட ஏற்பாடு அது. அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் இருப்பார், கேள்வி கேட்பார், திருப்பி அனுப்புவார். எல்லாம் பகிரங்கமாக நடக்கும். பல்லாண்டுகளுக்குப் பின்னும் படிக்கலாம்.

இதைச் சொர்க்கம் என்று நாம் வருணிக்கவில்லை. அங்கே நுழைய ஆங்கிலம் வேண்டும். பொறுப்பாளர்களில் பலர் பெருங் கம்பனிகளில் சம்பளம் வாங்குகின்றவர்கள். புதிய சிப்பின் விபரம் விரைவில் திருந்தும், ஏனெனில் அதை விற்க வேண்டும். கம்பனி கைவிட்ட பழைய பலகையின் பிழையை, அதை இன்னும் வைத்திருக்கும் ஏழை உபயோகிப்பாளன்தான், கூலியின்றித் திருத்த வேண்டும். பொது உடைமையான வயலில் தனியுடைமைக்காரர் அறுவடை செய்யும் காட்சியை அங்கும் காணலாம். ஆயினும், பிழையினால் பாதிக்கப்பட்டவன் தானே வந்து "இது பிழை" என்று சொல்ல அங்கே ஒரு வாசல் இருக்கின்றது. அந்த வாசலைப் பெரிதாகவே மதிக்கின்றோம்.

எனினும் திருத்துவோரிடத்தும் இரு வகையினர் உண்டு. பலகையைக் கையில் வைத்துப் பார்த்துத் திருத்துவோர் ஒரு வகை. பலகையைக் கண்ணாலும் காணாமல், ஏடுகளெல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால் நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே நாளில் மாற்றுவோர் மற்றொரு வகை. இரண்டாமவரின் உழைப்பும் தேவையானதே. உதாரணமாக, உணரியின் கம்பனிப் பெயரால் அதைக் குறிப்பதைவிட "வெப்பநிலை உணரி" என்ற பொதுப் பெயரால் அதன் இடத்தைக் குறிப்பது நலம் என்று விதி செய்து, பழைய ஏடுகளையெல்லாம் அதற்கேற்ப மாற்றி வருகின்றனர். படிப்பவனுக்கு அது விளக்கம் தருகின்றது. ஆனால் துப்புரவு செய்வது வேறு, திருத்துவது வேறு. பிறர் வீட்டைக் கேளாமல் ஒழுங்குபடுத்தும் நல்லவர்களை நாம் அறிவோம். "உண்மையான யந்திரத்தில் பார்த்தீர்களா?" என்ற பொறுப்பாளரின் கேள்வி இவர்களுக்காகவே ஏற்பட்டது. எமது மக்களுக்குப் பெயர் சூட்டவும் பெயர் மாற்றவும் வருகின்ற அறிஞர்களிடமும் இக்கேள்வியைக் கேட்பது நன்று.

இவை எல்லாவற்றினும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கின்றது. பிழையோடு பிழையாக வாழப் பழகிவிட்டவர்களை என்ன செய்வது? ரைசன் சிப் 20 பாகை கூட்டிச் சொல்கின்றது என்று அறிந்த சிலர், கேர்னல் திருந்தும் வரை காத்திராமல், தம் நிரல்களில் தாமே 20 ஐக் கழித்துக்கொண்டிருக்கலாம். கேர்னலும் கழிக்கத் தொடங்கினால் அவர்களுக்கு 40 பாகை கழிந்துவிடும். சூடேறிய யந்திரம் குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். உபயோகிப்போரின் நிரல்களை முறிக்கக் கூடாது என்பது தோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி. அப்படியானால் நிலைபெற்றுவிட்ட பிழை உண்மையைவிட உயர்ந்ததா? காலப்போக்கில் கேர்னல் கண்டுகொண்ட தீர்வு இதுதான்: இரண்டு எண்களையும் காட்டு, ஒவ்வொன்றின்மீதும் அதன் உண்மையான பெயரை எழுது. ஒன்று விசிறியை நடத்துவதற்காகக் கூட்டிய எண். மற்றொன்று சிப்பின் உண்மையான வெப்பநிலை. பழைய எண் அழியவில்லை. அது இன்னது என்ற விபரம் மட்டும் திருந்திற்று.

இக்கேள்வி ஆசிரியர்களாகிய எமக்கு வெறும் தத்துவமன்று. ஒவ்வோர் ஆண்டும் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் காலத்தில் அது மேசைமேல் வந்து விழுகின்றது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் தகப்பன் பெயர் இராமையா. தகப்பனின் அடையாள அட்டையில் ராமய்யா. தாயின் விவாகப் பதிவில் ராமன். தமிழ் தெரியாத எழுதுவினைஞர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அல்லது தோட்டத்திலிருந்து போன துண்டில் எழுத்து விடுபட்டிருக்கும். பிள்ளையின் பெயரிலேயே பிழை இருக்கும். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் திருத்தத்துக்கு வழி உண்டு, விண்ணப்பம் உண்டு. ஆனால் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால் பாடசாலை அனுமதிப் பதிவேடு பொருந்தாது; அதைத் திருத்தினால் முன்னைய பரீட்சைப் பெறுபேறு பொருந்தாது. பிழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய்விட்ட பிள்ளைக்குத் திருத்தமே ஆபத்தாகின்றது. "அப்படியே விட்டுவிடுவோம் சேர், வேலை நடக்கட்டும்" என்று சொல்லும் தாயை எந்த நீதிநூலைக் காட்டி மறுப்பது? "இன்னார் எனப்படும் இன்னார்" என்று சத்தியக் கடதாசி முடித்து இரண்டு பெயர்களையும் சேர்த்து வைப்பதுதான் வழக்கமான தீர்வு. கேர்னல் இரண்டு எண்களைக் காட்டுவது போன்றதே இதுவும். ஒரு வேறுபாடு: அங்கே இரட்டை விபரத்தின் சுமையைக் கேர்னல் தாங்குகின்றது. இங்கே பிள்ளை தாங்குகின்றது. ஒவ்வொரு காரியாலயத்திலும் ஒவ்வொரு முறையும், தான் தான்தான் என்று அது விளக்கியாக வேண்டும்.

ஆகையால் "திருத்துவது கடன்" என்று வாளா சொல்லிவிடுவதில் நாம் திருப்தியடையவில்லை. திருத்தத்தின் செலவை யார் ஏற்பது என்பதும் அக்கடனின் ஒரு பகுதி. பிழையை எழுதிய ஏடு செலவை ஏற்றால் அது திருத்தம். பிழையினால் அவதிப்பட்டவனே செலவையும் ஏற்க வேண்டுமானால், அது அவதியின் இரண்டாம் அத்தியாயம். பிள்ளையின் பெயரைத் திருத்தத் தாய் ஒரு நாள் வேலையை விட்டு நுவரெலியாவுக்குப் போகின்றாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை. அவள் காட்டும் தயக்கத்தை அறியாமை என்று சொல்லும் படித்தவர்கள், அந்த ஒரு நாள் பேரைத் தம் பையிலிருந்து கொடுத்துப் பார்க்கட்டும்.

முகவரியைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு கம்பிகளில் தொங்கும் உணரிக்குத் தனக்கென ஒரு முகவரி இல்லாவிட்டால் அதனோடு பேசவே முடியாது என்று கண்டோம். லயத்து அறைகளில் பல, தபாற்காரனைப் பொறுத்தவரை இன்றும் தனி முகவரி இல்லாதவை. கடிதம் தோட்டத்தின் பெயருக்குப் போகும், அங்கிருந்து கைமாறி வரும், வராமலும் போகும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் வங்கிக் கடிதமும் இப்படித்தான் பயணம் செய்கின்றன.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு வழி செய்தது. நல்ல காரியம், போராடிப் பெற்ற காரியம். அதன் பெயரை மட்டும் ஒரு முறை கவனமாகப் படிக்க வேண்டும். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை "வழங்கும்" சட்டம். கேர்னலின் ஏட்டில் ஒரு திருத்தம் வரும்போது, எந்த ஆண்டில், எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று சொல்லி, "இதைத் திருத்துகின்றது" என்றொரு வரி எழுதுகின்றார்கள். பாகை எண்ணில் பிழைத்த உணரிக்கு யாரும் சரியான வெப்பநிலையை வழங்குவதில்லை.